நாக்கடியில் ஒரு பொத்தான்

"படிச்ச பொண்ணு வீட்டுல இருந்தும் இப்படியா?" என்றார் டாக்டர். நீர்க்கடுப்பும் கால் வீக்கமுமாக அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன். அவளுடைய ஒரு சிறுநீரகம் சுருங்கிவிட்டது. இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டுமானால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கக் கூடாது. "அறியாமைதாங்க காரணம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார். அவர் அறைக்குள்ளேயே கழிப்பறை இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு என்ன தெரியாது? அவள் சட்டை தைக்கும் கூடத்தில் கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரின் இடுப்பில் தொங்கும். எல்லார் முன்னாலும் எழுந்துபோய்க் கேட்க வேண்டும். "என்ன மகாராணி, மறுபடியுமா?" என்பான். வரிசையே சிரிக்கும். அதனால் அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் சட்டைப் பொத்தான் ஒன்றை நாக்கடியில் போட்டுக்கொள்வார்கள். எச்சில் ஊறும், சாயங்காலம்வரை தாங்கும். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அன்றே பெரிய பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலியாகத் திரும்பி வந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாவின் நீர்க்கடுப்பும் கால் வீக்கமும் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி அவளைக் கூட்டிவரப் போனேன். கம்பெனி வாசலுக்கு வெளியே, சாக்கடையோரம் குனிந்து நின்று பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

திடுக்கிட்டவள் வாயிலிருந்த பொத்தானை உள்ளங்கையில் துப்பினாள். "கத்தாதடி. ரோட்டுல மானத்த வாங்காத."

"கிட்னி போனா மானம் வந்து காப்பாத்துமா?"

"நீ ஆசையா ரொப்பிக் குடுக்குற. அப்படியே கொண்டுவந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

"நான் உள்ள போய் அந்தாள நாலு கேள்வி கேக்குறேன்."

"கேளு. கேட்டுட்டு நீ உன் ஏசி ரூமுக்குப் போயிடுவ. நாளைக்கு அவன் முன்னாடி உக்காரப்போறது நான்."

என்னைப் பிடித்து நிறுத்தியவள் என் தோள்பையிலிருந்த ஆபீஸ் பாட்டிலை உருவி ஆட்டினாள். கழுத்துவரை தண்ணீர்.

"இது என்னங்க மேடம்? உங்க ஆபீஸ்லயும் சாவி கேக்கணுமா?"

பாட்டிலைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். எங்கள் ஆபீஸில் கழிப்பறையைப் பூட்டுவதில்லை. கூட வேலை செய்பவர்கள் மீட்டிங் நடுவே சாதாரணமாக எழுந்து போவார்கள். எழ நினைத்தாலே யாரோ சிரிப்பதுபோல எனக்கு மட்டும்தான் தோன்றும். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கூடத்தில், அம்மாவின் மெஷினடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். பட்டம் வாங்கினேன். அந்தச் சிரிப்பு மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

"நான் கேக்கவா, இல்ல நீயே கேக்குறியா?" என்றேன்.

"நானே கேட்டுத் தொலைக்கிறேன். நீ வாய மூடிட்டு வா."

மறுநாள் சாயங்காலம் பாட்டிலில் பாதி இருந்தது.

"பாதிதான் குடிச்சேன். கீழ ஊத்தல."

"சாவி கேட்டியா?"

"மறுபடியுமா மகாராணின்னான். ஆமாய்யான்னேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிக்காம? பக்கத்து மெஷின்காரி மட்டும் சிரிக்கல. நான் திரும்பி வந்ததும் சாவிய வாங்கிட்டு அவளும் போனா."

"அப்புறம் ஏன் மீதி?"

"இன்னொரு தடவ கேக்க வாய் வரலடி."

டாக்டர் சொன்னதற்கு இது போதாது. மீதியை என் கண்முன்னால் குடித்து முடித்தாள். வீக்கத்தால் கழற்றிய கொலுசின் தடம் காலில் இன்னும் அப்படியே பதிந்திருந்தது.