முதலாளியின் செவ்வந்தியும் பெர்சியின் பிரேக்கும்

பெர்சி பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது, அதில் குறை சொல்ல முடியாது. நின்ற இடம்தான் முதலாளி ஹேடனின் கண்ணாடிக் குடில். வலப்பக்கம் வெட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி, பூப்போட்டிக்கென்று அவர் வளர்த்த செவ்வந்திகளுக்கு நடுவே போய் நின்றது.

பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்த காலம் அது. முன்சக்கரங்களுக்கும் வைத்தால் பாதித் தூரத்தில் நிற்கும் என்று கோவென்ட்ரி நகர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன், ஹேடனின் மோட்டார் பட்டறையில் வேலை பார்க்கும் பெர்சி. இன்று வலது முன்சக்கரம் முந்திப் பிடித்துக்கொண்டது. இடதுக்கு இன்னும் யோசனை. பிரேக்கை இழுக்கும் இரண்டு கம்பிகளையும் காலை முழுக்கச் 'சமமாக' முடுக்கிய மேதையும் அவனேதான்.

"ஏதாச்சும் மிச்சமிருக்கா?" என்றார் ஹேடன்.

"ஒரே ஒரு தொட்டி, சார். முன்சக்கர பிரேக்கை... கைவிட்டுடுவீங்களா?"

"பார்க்கலாம்."

டீக்குச் சர்க்கரை போடவா என்றாலும் அவருக்கு அதே பதில்தான். ஆனால் போகிறவர் திரும்பினார். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு. அப்பவும் கோணினா எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழைய வண்டியவே செய்வோம். நீ மண்வெட்டியோட தோட்டத்துக்கு வந்துடு."

வண்டியை இழுக்கப் பீர் ஆலையின் இரட்டைக் குதிரைகள் வந்தன. "மோட்டார் வந்தா குதிரைக்கு வேலையே இருக்காதுன்னீங்களே, தம்பி?" என்று சிரித்தான் குதிரைக்காரன் கென்ரிக். "உங்க புண்ணியத்துல இன்னிக்கு இதுங்களுக்கு ஓவர்டைம்!"

பெர்சியும் சிரித்தான். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு குதிரை முந்தி இழுத்தது. மற்றது புல்லைப் பார்த்தபடி ஓரடி பின்தங்கியது. இரண்டையும் பூட்டிய குறுக்குக்கட்டை நடுவில் ஒற்றை ஆணியில் ஆடியது. ஒன்று முந்தினால் கட்டை சாய்ந்தது. சாய்ந்தபடியே சோம்பேறியிடமும் அதன் பங்கை வாங்கியது. வண்டி நேராக வெளியே வந்தது.

"என்ன அப்படிப் பார்க்குறீங்க? இதையும் ஒடைக்கப் போறீங்களா?" என்றான் கென்ரிக்.

பெர்சி ஓட்டமாக ஓடிப்போய் வரையத் தொடங்கினான். மிதியின் இழுப்பு ஒரு குறுக்குச்சட்டத்தின் நடுவுக்கு; அதன் இரு முனைகளிலிருந்து இரு சக்கரங்களுக்கும் கம்பிகள். ஒரு பக்கம் முந்தினால் சட்டம் சாய்ந்து மறுபக்கத்தையும் அதே அளவு இழுக்கும். மனசாட்சிக்காக மூலையில் ஒரு குதிரையும் வரைந்தான். அது நாய் மாதிரி வந்தது.

வெள்ளிக்கிழமை மழை. புதுக் குறுக்குச்சட்டம் மாட்டிய வண்டி தயாராக நின்றது. சோதனை ஓட்டுநரான நெல் என்ற பெண் ஏறி உட்கார்ந்தாள். "போன தடவை நீ ஓட்டினே. இன்னிக்கு நான். பூவுக்கும் ஒரு நியாயம் வேணாமா?"

"இருங்க," என்றார் ஹேடன். ஸ்பேனரோடு வண்டிக்கடியில் ஊர்ந்தார். இடது கம்பியை நன்றாகத் தளர்த்திவிட்டு, சேறும் சகதியுமாக எழுந்தார். மிஞ்சிய ஒற்றைத் தொட்டியைக் கொண்டுவந்து, வண்டி நிற்க வேண்டிய இடத்துக்கு வலப்பக்கம், சாலையிலேயே வைத்தார்.

பழையபடி கோணினால் அந்தத் தொட்டியும் போச்சு என்று பெர்சிக்குப் புரிந்தது. மனிதர் மோசம்தான், சோதனை சரியானது.

வண்டி பறந்து வந்தது. பிரேக் போடச் சாலையில் போட்டிருந்த கோட்டைத் தொட்டதும் நெல் ஓங்கி மிதித்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து மேலே தூக்கினாள். பெர்சி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"யோவ் பெர்சி, கண்ணைத் தொற! அம்பு மாதிரி நிக்குதுய்யா!" என்று கத்தினாள் நெல்.

நின்றிருந்தது. நேராக. பக்கத்தில் செவ்வந்தி மழைக்கு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பட்டறை ஆட்களின் தொப்பிகள் வானத்தில் பறந்தன. கென்ரிக் தன் குதிரைகளையே கைதட்டச் சொல்வான் போலிருந்தது.

பெர்சி தொண்டையைச் செருமினான். "எல்லா வண்டிக்கும் போடலாமா, சார்?"

ஹேடன் தொட்டியை எடுத்தார், தட்டித் துடைத்தார், அவன் கையில் திணித்தார்.

"போடு."