ஒரு நாள் பிந்திய பிறை

“பிறை தெரியாட்டி ஹோட்டல்காரனுக்கு ஆரு வாப்பா போய்ச் சொல்ற?”

அம்ஹா இதைக் கேட்டபோது நோன்பு இன்னும் தொடங்கியிருக்கவில்லை. காலிதீன் தொலைபேசியில் நுவரெலியா ஹோட்டலுக்குத் திகதி தேடிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய தோளில் நாடியை வைத்துக்கொண்டு, திரையில் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்த கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு என்றால் இடமில்லை. பச்சை என்றால் இடமிருக்கிறது. பெருநாளுக்கென்று கலண்டரில் போட்டிருந்த அந்த நாளும் பச்சையாக இருந்தது. காலிதீன் சிரித்தார். “பிறைக்குட்ட நம்பர் இரிக்கிம்மா, அது கோல் எடுத்துச் சொல்லும்” என்றார். அம்ஹா சிரிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

ஹோட்டல் பிடித்துத் தரும் விடுமுறைக் கிளப் ஒன்றில் அவர் சேர்ந்து மூன்றாவது வருடம் அது. கல்முனையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்து, பகல் சாப்பாடும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். இரண்டு குடும்பமாக வந்தால் ரைஸ் குக்கர் ஒன்று இலவசம் என்றபடியால் காலிதீன் காரைதீவு செல்லத்தம்பி அண்ணனையும் அவர் மனைவி தங்கேஸ்வரி அக்காவையும் கையோடு கூட்டிப்போனார். கோட் போட்ட பொடியன் ஒருவன் மேடையில் நின்று, இனி நீங்கள் வீடு வாங்கத் தேவையில்லை, விடுமுறையையே வாங்கலாம் என்றான். வருடத்துக்கு இவ்வளவு பொயின்ட். அந்தப் பொயின்டைக் கொண்டு நாட்டில் எங்கே வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் தங்கலாம். ‘எப்போது வேண்டுமானாலும்’ என்ற சொல்லை அவன் இரண்டு தடவை சொன்னான். இரண்டு குடும்பமும் கையெழுத்து வைத்தன; செல்லத்தம்பி மட்டும் பணத்தைக் கார்த்திகையில்தான் கட்டினார். ரைஸ் குக்கரை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று காலிதீனின் மனைவி ஸாலிஹா விட்டுக்கொடுத்தாள்.

எப்போது வேண்டுமானாலும் என்பதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் போகப் பார்த்தால் எல்லாம் சிவப்பு. வெள்ளி, சனி என்றால் இரட்டிப்புப் பொயின்ட். மலைநாட்டில் வெயில் காலத்துக் கூட்டம் வரும் மாதங்களில் அதற்கும் மேலே. யாருமே போக விரும்பாத அடைமழைச் செவ்வாய்க்கிழமைகளில் கட்டங்கள் எல்லாம் பச்சைப்பசேலென்று வயல் மாதிரிக் கிடந்தன. காலிதீனுக்குக் கல்முனை பிரதான வீதியில் மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடை. செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு யார் மழை பார்க்கப் போவது? முதல் வருடத்துப் பொயின்ட் திகதி முடிந்து போனது. இரண்டாம் வருடத்தில் பாதி போனது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஸாலிஹா ஊரைத் தாண்டிப் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் சாவு விழுந்த மையித்து வீட்டுக்கும்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை பெருநாளுக்கு எப்படியாவது கூட்டிப்போவது என்று முடிவெடுத்தார். அவருடைய பொயின்ட் போதவில்லை.

செல்லத்தம்பி நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; மகன் சுலக்சன் வெளிநாட்டில் இருக்கிறான். சவளக்கடையில் இருவருடைய வயலும் ஒரே வரம்பில் சாய்ந்து கிடக்கின்றன. வாய்க்காலில் தண்ணீர் முறைப்படிதான் வரும். ஒருவருடைய பயிர் வாடினால் மற்றவர் தன் முறையை விட்டுக்கொடுப்பார். அடுத்த முறை அது திரும்பி வரும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்படித்தான் பொயின்ட் பற்றிய பேச்சும் வரம்பில் நின்றபடி முடிந்தது.

“எங்கட பொயின்ட் சும்மாதான் கிடக்கு தம்பி. சுலக்சனுக்கு இந்த வருசம் லீவு இல்லயாம். எடுத்துப் பாவிங்க.”

“மறுகா தந்திருவன் அண்ணன்.”

“தண்ணி முறை மாதிரித்தானே. தருவீங்கதானே.”

பொயின்ட் வந்து சேர்ந்த அன்றே காலிதீன் பதிவு செய்தார். “ஒரு நாள் தள்ளிப் போடுங்களன், பிறை பிந்தினா?” என்று ஸாலிஹா கேட்டாள். ஒரு நாள் தள்ளினால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் இரட்டிப்பு. “கலண்டர்லயே போட்டிருக்கான். போன வருசமும் இருவத்தொம்பது நோன்புதானே” என்றார். சொல்லும்போதே, ஒவ்வொரு வருடமும் பிறை கண்ட பிறகுதான் பெருநாள் என்று தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் தான்தான் என்ற நினைவு வந்தது. ஆனாலும் பச்சைக் கட்டத்தை அழுத்தினார்.

இருபத்தொன்பதாவது நோன்பைத் திறந்துவிட்டுத் தெருவெல்லாம் மேற்கே பார்த்து நின்றது. வானம் முழுக்க மேகம். பயணப் பைகள் கூடத்தில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அம்ஹா புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருதுப் பள்ளிவாசல் ஸ்பீக்கரில், எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்வோம் என்று அறிவித்தார்கள். ஊருக்கு அதில் ஒரு குறையுமில்லை. இன்னொரு நாள் நோன்பு, இன்னொரு நாள் நன்மை. காலிதீன் மட்டும் கட்டி வைத்த பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பதாம் நோன்பை மலைப்பாதையில் திறந்து, பெருநாள் தொழுகைக்கு ஊரில் இல்லாமல், ஹோட்டல் அறையில் பெருநாள் எடுப்பதை அவராலேயே நினைக்க முடியவில்லை. இறந்துபோன உம்மா வாப்பாவின் கபுறடியில் ஸலாம் சொல்லாமல் அவருக்கு ஒரு பெருநாளும் விடிந்ததில்லை.

காலையில் கிளப்புக்குக் கோல் எடுத்தார். ஒரு பெண் மிகவும் பணிவாகக் கதைத்தாள்.

“திகதி மாத்திறதெண்டா ரெண்டு கிழமைக்கு முதல் சொல்லியிருக்கணும் சேர்.”

“பிறை ராத்திரித்தானே புள்ள தெரியாமப் போன.”

“அது சந்திரன்ட பிரச்சின சேர். எங்கட சிஸ்டத்தில சந்திரன் இல்ல.”

“ஒரு நாள் பிந்தி வந்தா ரூம் இரிக்குமா?”

“இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள வராட்டி முழு புக்கிங்கும் கென்சல் ஆகிரும் சேர். பொயின்ட் திரும்ப வராது.” சற்றுத் தயங்கிவிட்டு, “உங்களுக்கு முன்கூட்டியே பெருநாள் வாழ்த்துகள் சேர்” என்றாள். அவளும் பாவம் என்று காலிதீனுக்குத் தோன்றியது. கோபப்படவும் ஆளில்லாமல் போனது.

இத்தோடு முடிந்திருந்தால் அது வெறும் நட்டம். பாவமாகியிருக்காது.

பெருநாள் முடிந்த மறுவாரம், அதன் பிறகு பிடிக்கும் ஆறு நோன்பில் ஒரு நாள், பெருநாள் இனிப்பாக வட்டிலப்பமும் தொதலும் எடுத்துக்கொண்டு மூவரும் காரைதீவுக்குப் போனார்கள். தங்கேஸ்வரி அக்கா வாசலுக்கே ஓடிவந்து ஸாலிஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வா பிள்ள. எப்பிடி நுவரெலியா? நல்ல குளிரோ? நான் இவருக்கிட்ட சொல்லிக்கொண்டே இருந்தன், இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பாங்க எண்டு.”

அந்த முகத்தில் இருந்த சந்தோசம், அவளே போய் வந்ததைப் போல இருந்தது. தான் போகாவிட்டாலும் தன் பொயின்டில் யாரோ போயிருக்கிறார்கள் என்ற சந்தோசம். காலிதீன் வாயைத் திறந்தார். “நல்ல குளிர் அக்கா” என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு திரும்பி வர வழி இருக்கவில்லை. பனி விழுமா என்றாள், ஓம் என்றார். காலையில் எதிரே நிற்கும் ஆளும் தெரியாதாமே என்றாள், அதற்கும் ஓம் என்றார். “வாப்பா, நாம...” என்று அம்ஹா தொடங்கினாள். ஸாலிஹா பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்ஹா தகப்பனை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“குளிருக்கு நானும் ஒரு கம்பளிச் சட்டை பின்னி வச்சிரிக்கன் பாரு, மேனுஜாக்கு” என்று அக்கா உள்ளே போய் எடுத்து வந்து காட்டினாள். சுலக்சனுடைய மகள் மேனுஜாவை அவள் இதுவரை தொலைபேசியில்தான் பார்த்திருக்கிறாள். மஞ்சள் நிறச் சட்டை. கைகள் கொஞ்சம் நீளமாக இருந்தன. வளர்கிற பிள்ளைதானே என்று கணக்கு வைத்துப் பின்னியிருந்தாள்.

செல்லத்தம்பி கதிரையை முன்னுக்கு இழுத்தார். “அது கிடக்கட்டும் தம்பி, மேல் வக்கடை உடைஞ்சு கிடக்கு, பாத்தீங்களா?” என்று வரம்பில் தண்ணீர் போகும் வாயைப் பற்றிக் கேட்டுப் பேச்சை வயலுக்குத் திருப்பினார். அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். காலிதீன், “நோன்பு அக்கா” என்றார். அந்தச் சொல் வாயில் கசந்தது.

வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியதும், “நோன்பு புடிச்ச வாயால ஏன் அப்பிடிச் சொன்னீங்க?” என்றாள் ஸாலிஹா. சத்தமாகக் கூட இல்லை. “நான் புள்ளைட கையப் புடிச்சன். பொய்க்குப் புடிச்சன். அதான் எனக்கு ஏலாமக் கிடக்கு.” படியேறிப் போனவள் திரும்பி நின்றாள். “அடுத்த பொயின்ட் வந்தா அது நம்மட எண்டு நான் நினைக்கல்ல. சொல்லிட்டன்.”

சிறுபோக விதைப்பு முடிந்து பயிர் ஒரு சாண் உயர்ந்திருந்தபோது செல்லத்தம்பி வரம்பில் அவரைக் கண்டார். சுலக்சனுக்கு எதிர்பாராமல் லீவு கிடைத்துவிட்டதாம். ஆகஸ்ட் கடைசியில் பிள்ளையோடு வருகிறானாம்.

“எங்கட புதுப் பொயின்ட் கார்த்திகைக்குத்தான் விழும். பரவாயில்ல, பாசிக்குடாவில ஒரு நாள் நிண்டுட்டு வருவம். மனிசிதான் அந்தச் சட்டைய எடுத்து எடுத்து மடிக்கிறாள்.”

“அண்ணன், அந்தப் பொயின்ட்டு... நாங்க அண்டைக்கி...”

செல்லத்தம்பி குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். “சாய்ந்தமருதுப் பள்ளி ஸ்பீக்கர் எங்கட முத்தத்துக்குக் கேக்காதெண்டா நினைச்சீங்க? பிறை காணல்ல எண்டு சொன்ன உடன எனக்கு விளங்கிற்று. ஐயோ, தம்பிட பயணம் போச்சே எண்டு நான்தான் சோறு தின்னாம இருந்த.”

காலிதீனால் நிமிர முடியவில்லை. “பின்ன ஏன் அண்டைக்கி ஒண்டும் சொல்லல்ல?”

“பிள்ளைக்கு முன்னால என்னத்தச் சொல்ற?” என்றார் செல்லத்தம்பி. “மனிசிக்கு ஸ்பீக்கர்ல சொல்றது ஒண்டும் விளங்காது. அவள் சந்தோசமா இருந்தாள். அது அப்பிடியே கிடக்கட்டும்.” மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திருப்பித் தா என்ற சொல் அவர் நடையில்கூட இல்லை. கேட்டிருந்தால் காலிதீன் அன்றிரவு தூங்கியிருப்பார்.

காலிதீனுடைய புது வருடத்துப் பொயின்ட் ஜூலையில் விழுந்தது; அந்தச் செய்தி வந்த அன்று பின்னேரம் அவருக்குத் தண்ணீர் முறை. கடையைப் பூட்டிவிட்டு அஸர் தொழுத கையோடு சவளக்கடைக்குப் போனார். செல்லத்தம்பியின் வீடிருந்த காரைதீவுப் பக்கம் அவர் திரும்பவில்லை. வாய்க்காலைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைசி மூலைக்குப் போய்ச் சேரும்வரை வரம்பில் குந்தியிருந்தார். வயலில் வேறு யாரும் இல்லை. கொக்குகள் மட்டும் தண்ணீருக்கு முன்னால் முன்னால் நடந்தன.

தொலைபேசியை எடுத்தார். கட்டங்கள் திறந்தன. ஆகஸ்ட் கடைசியில் நுவரெலியாவில் இரண்டு பச்சைக் கட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஸாலிஹாவின் முகம் ஒரு முறை வந்து போனது. ஊரைத் தாண்டாத அந்த முகம். அந்தக் கட்டங்களைத் தொடாமல், பொயின்டை இன்னொரு உறுப்பினருக்கு மாற்றும் இடத்துக்குப் போனார். செல்லத்தம்பியின் இலக்கத்தைப் பிழையில்லாமல் அடித்தார். அவர் தந்த அளவை எழுதினார். பிறகு அதை அழித்துவிட்டு, வெயில் காலத்தில் ஒரு குழந்தையோடு குடும்பமாய்த் தங்குவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவையும் எழுதினார். அநேகமாக அவருடைய வருடம் முழுவதும் அதில் போனது. பெறுபவருக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கீழே ஒரு வெற்றுப் பெட்டி கேட்டது. விரல் அதன் மேல் நின்றது. என்ன எழுதினாலும் அது தன்னைப் பற்றியதாகவே இருக்கும் என்று தோன்றியது. பெட்டியை வெறுமையாகவே விட்டு, பிஸ்மி சொல்லி அழுத்தினார்.

திரை ஒரு கணம் சுற்றிவிட்டு நின்றது. பாரம் முழுக்க இறங்கிவிடவில்லை. தங்கேஸ்வரி அக்காவிடம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டிய ஒன்று இன்னும் இருந்தது. அம்ஹாவிடமும்.

தண்ணீர் மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வக்கடையை மண் வைத்து அடைத்துவிட்டு, வாய்க்காலில் குனிந்து கை, முகம், கால் கழுவி வுழுச் செய்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொழுவதற்குக் கிப்லா பார்த்து நிற்க மேற்கே திரும்பினார். மலைகளுக்கு மேலே, சிவப்பு வடிந்த இடத்தில், நகம் வெட்டிப் போட்டதுபோல ஒரு பிறை நின்றது. எந்தப் பெருநாளுக்கும் உரியதல்லாத ஒரு மாதத்தின் பிறை. அதை யாரும் தேடவில்லை, எந்த ஸ்பீக்கரும் சொல்லவில்லை. நிறைந்திருந்த வயல் தண்ணீரில் அது ஒரு தடவை நெளிந்து, அடங்கி, வரம்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தது.