எல்லாம் பச்சை

ஃப்ரீசர் கதவு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சின்னவன் ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தான். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சித்தி கண் சொருகிச் சாய்ந்துவிட்டாள். "நெத்தியில வைக்க ஐஸ் எடுத்துட்டு வாடா" என்று அக்கா விரட்டியிருந்தாள். அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் குரலுக்கு ஒரு வண்டிப் பிள்ளைகளே அடங்கும்போது தம்பி எம்மாத்திரம்? ஆனால் அவன் ஓடிவந்தது அந்தக் குரலுக்குப் பயந்து மட்டும் இல்லை. ஒட்டிப்போன அம்மாவின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் உட்கார முடியவில்லை.

இன்னொரு இழுப்பில் கதவு வந்தது. கூடவே ஒரு டப்பாவும் வந்து அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

உள்ளே ஐஸ் தட்டுக்கு இடம் ஏது? மேலே, கீழே, கதவின் உள்பக்கம் எங்கும் டப்பாக்கள். தயிர் வாங்கின டப்பா, வெண்ணெய் டப்பா, அம்மா கழுவிக் கழுவிச் சேர்த்த மூடி பொருந்தாத டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவு. சாதம், பீன்ஸ், நாலாக மடித்த ரொட்டி, எல்லாம் கல்லாகிக் கிடந்தன. கீழே விழுந்ததில் பூசணிக்காய் சூப்.

அந்தப் பூசணிக்காயை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதற்காக ஆபீஸில் கேக் வெட்டினார்களே.

சின்னவனுக்குச் சோறு போடுவது அவன் ஆபீஸில் உருவாக்கிய ஒரு செயலி. வீட்டில் என்ன சமைத்தோம், என்ன மிச்சம் என்று போனில் போட்டுவிட்டால், கெட்டுப்போவதற்கு முன்னால் அது ஞாபகப்படுத்தும். சாப்பிட்டுவிட்டு 'சாப்பிட்டாச்சு' என்பதை அழுத்தினால் பச்சை இலை ஒன்று துளிர்க்கும். 'கொட்டியாச்சு' என்றால் சிவப்புக் குப்பைத்தொட்டி கண்ணீர் விடும். அந்தக் கண்ணீரை வரைய மட்டும் ஒரு மாதம் மெனக்கெட்டான். குடும்பத்தில் ஒருவர் அழுத்துவது மற்றவர் போனிலும் தெரியும். முதல் ஆளாக அம்மா போனில்தான் அதை ஏற்றினான். தனியாக இருக்கிற அம்மாவை வேறு ஊரில் இருந்துகொண்டே கவனித்த மாதிரியும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று.

முதல் வாரம் அம்மா ஒரு சிவப்பை அழுத்தினாள். அவன் உடனே போன் போட்டான். "என்னம்மா, நம்ம வீட்டுலயே சிவப்பா? என் மானம் போச்சு போங்க" என்று சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். அதற்கப்புறம் எல்லாம் பச்சை. நூறாவது பச்சை அந்தப் பூசணிக்காய் சூப்; அதற்குத்தான் ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

அவன் டப்பாவை உள்ளே திணித்து, முதுகைக் கொடுத்துக் கதவைச் சாத்தினான். துண்டு ஒன்றைக் குழாயில் நனைத்து எடுத்துக்கொண்டு போனான்.

"ஐஸ் எங்கடா?"

"ஐஸ் இல்லக்கா."

அக்கா சித்தியின் நெற்றியில் ஈரத்துண்டை வைத்தாள். அழுது அழுது அக்காவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "பக்கத்துலயே இருந்தேன். தொண்டையில கட்டி இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே. நான் விட்டுட்டேன்."

ஒவ்வொரு தடவையும் சின்னவன் தரையைப் பார்த்தான். அவளா விட்டாள்? அம்மா இளைக்க ஆரம்பித்தபோதே அக்கா அவனை வீடியோவில் கூப்பிட்டு, "எனக்கென்னமோ பயமா இருக்குடா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவன் தன் இன்னொரு போனைக் காமிராவுக்கு நேராகக் காட்டினான். "பாருக்கா, வேளாவேளைக்குச் சாப்பிடுறாங்க. ஒரு சிவப்பு இருக்கா? வயசானா இளைக்கத்தான் செய்வாங்க." படித்தவன், அதுவும் சாப்பாட்டைப் பற்றியே படித்தவன் சொல்கிறான். அக்கா தன் கண்ணை நம்பாமல் அவன் போனை நம்பினாள். அம்மா கடைவாசலில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள்.

அம்மாவை எடுத்துப்போகும் வண்டி வருவதற்குச் சற்று முன்னால் அவனுடைய மேலாளர் வந்தார். பெரிய மலர்வளையம். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது.

"உங்க அம்மா சாதாரணப்பட்டவங்க இல்லம்மா" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க செயலியிலயே ஒரு பருக்கை வீணாக்காத ஆள் அவங்கதான். போற இடமெல்லாம் இவரு அவங்களப் பத்தித்தான் பேசுவாரு."

கூடம் முழுக்கத் திரும்பி மரியாதையாக அவனைப் பார்த்தது. காது மடல் கொதித்தது. இப்போது வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. தலையை ஆட்டிவைத்தான், பாராட்டை வாங்கிக்கொள்கிறவன் மாதிரி.

அம்மாவை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. சித்தியை யாரோ வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே தனக்குள் முனகினாள். "நான்தான் விட்டுட்டேன்."

"நீ விடலக்கா" என்றான். "சமையலறைக்கு வா."

ஃப்ரீசரைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். கடைசி வாரங்களில் சாப்பாடு அக்கா வீட்டிலிருந்தே வந்ததால் அந்த மேல் கதவை யாரும் தொட்டிருக்கவில்லை. அக்கா ஒரு டப்பாவை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். நிறைய நேரம் பிடித்தது.

"கொட்டியிருக்கலாமே" என்றாள் கடைசியில்.

"எல்லாத்துக்கும் சாப்பிட்டாச்சுன்னு அழுத்தியிருக்காங்க."

"அதான் கொட்டல. எப்பவாவது முழுங்க முடிஞ்சா சாப்பிட்டுக்கலாம்னு வெச்சிருப்பாங்க. அப்ப உன்கிட்ட சொன்னது பொய்யாகாதுல்ல."

அவன் சொல்ல இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"என்கிட்ட ஒரு தடவ கேட்டாங்கக்கா. 'ஏம்ப்பா, இதுல சாப்பிட முடியலன்னு அழுத்த ஒண்ணு இல்லையா'ன்னு."

அக்கா அவனையே பார்த்தாள். "நீ என்ன சொன்ன?"

"பட்டன் அதிகமானா ஜனங்க குழம்பிப்போவாங்கம்மா, ரெண்டு போதும்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"ஏன் கேட்கறீங்கன்னுகூடக் கேட்கல. மீட்டிங் இருந்துச்சு."

அக்கா திட்டுவாள் என்று நின்றான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். டப்பாக்களிலிருந்து தண்ணீர் வடிந்து மேடை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா பூசணிக்காய் சூப்பை எடுத்து மூடியைத் திறந்து, ஒரு கரண்டியையும் சேர்த்து மேஜைமேல் வைத்தாள்.

"சாப்பிடு."

"சூடு பண்ணி..."

"சாப்பிடுடா."

உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினான். பனித்துகளும் பூசணியும் பல்லில் கூசின. உப்பு சரியாக இருந்தது. அம்மா ருசி பார்த்துத்தான் செய்திருக்கிறாள். விழுங்கினான், மறுபடி சுரண்டினான்.

மேடைமேல் இருந்த அம்மாவின் போன் சிணுங்கியது. யாரோ காலையில் கொண்டுவந்த பாலை, பழக்கதோஷத்தில் அவனே அதில் பதிந்துவைத்திருந்தான். நாளைக்குக் கெட்டுவிடுமாம். கீழே பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் காத்திருந்தன. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை, திரை தானாக அணைந்தது.

அக்கா இன்னொரு கரண்டியை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். டப்பாவை இழுத்து நடுவில் வைத்தாள்.