வேங்கைப் பட்டைத் தூள்

மோர் டம்ளரின் அடியில் தங்கிய பழுப்புத் தூளை விரலால் கலக்கி, கடைசிச் சொட்டுவரை குடித்தான் நாகேந்திரன். பன்னிரண்டாவது நாள். அவன் மனைவி வசந்தகுமாரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணனூர் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதுபவன் அவன். எட்டு வருஷச் சர்க்கரை. இரண்டு மாதமாக நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தன. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் லேசர் வைக்கச் சொன்னார்கள். கண்ணுக்குள் சூடு போடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அவளுக்கு அம்பத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் குப்பி கழுவும் வேலை. அங்கே எலிகளுக்குச் சர்க்கரை வரவழைத்து, வேங்கைப் பட்டையின் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த எலிகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கெடவில்லை என்று ஆராய்ச்சியை நடத்தும் லோகநாயகி மேடம் பூரித்துப்போனதை அவள் காதால் கேட்டாள். அன்று சாயங்காலமே டிபன் பாக்ஸில் தூள் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை முகம் கழுவப் போனவன் கூப்பிட்டான். "குமாரி, இடது கண்ணுல இன்னாவோ கறுப்பு நூலாட்டம் தொங்குது. தொடச்சாலும் போவ மாட்டேங்குது."

வேலை போனாலும் போகட்டும் என்று அவள் மேடத்திடம் ஓடி, தூள் எடுத்ததைச் சொல்லிவிட்டாள். மேடம் அவளை உட்காரவைத்தார்.

"எலிக்குக் கண்ணு கெடறதுக்கு முன்னாடியே குடுக்க ஆரம்பிச்சோம், வசந்தா. கெட்டதை இது சரி பண்ணும்னு யாரும் சொல்லலை. மனுஷனுக்கு எவ்ளோ குடுக்கலாம்னே தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வீட்டில் அவன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அப்போ இது மருந்து இல்லியா?"

"இன்னும் இல்லியாம்யா. நாந்தான் அவசரப்பட்டு உன் கண்ண கெடுத்துட்டேன்."

"கெட்டுதான் கெடந்துது. பன்னெண்டு நாளு பயமில்லாம தூங்குனேன், அது போதும்." எழுந்து சுவரைத் தடவினான். "சட்டைய எடு. போலாம்."

வலது கண்ணுக்கு அன்றே லேசர் வைத்தார்கள். இடது கண்ணில் கசிந்த ரத்தம் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். பார்வை திரும்புமா என்று அவள் கேட்டதற்கு, இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லிச் சீட்டு எழுதினார்.

சொட்டு மருந்தில் கருமணி விரிந்திருந்த கண்களோடு வெளியே வந்தவனை வெயில் அறைந்தது. அவள் தன் ஊதா முந்தானையை எடுத்து அவன் தலைமேல் போட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முந்தானையின் விளிம்பை இன்னும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊதா நிறமாகிவிட்ட வெளிச்சத்துக்குள் அவள் காலடியைப் பார்த்து நடந்தான்.