வீட்டுக்காரர் இல்லாத வீடு

1984 ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. பரமத்தி வேலூருக்கு வெளியே, வாய்க்கால் கரையில் புதிதாகக் கட்டிய ஓட்டு வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்த சோறு தயாராக இருந்தது. சமையல்காரி அங்காளம்மாள் தூணில் தொங்கிய தண்டவாளத் துண்டை மூன்று முறை அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். வாழைத்தோப்பில் இருந்த கொக்குகள் மட்டும் பறந்தன.

வீடு குமாரசாமியின் யோசனை. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; மனைவி இல்லை, மகன்கள் இருவரும் வடக்கே. வயதான காலத்தில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பதைவிட, தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்து இருந்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தன் வாழைத்தோப்பின் ஓரத்தில் இடம் கொடுத்தார். ஆளுக்கொரு அறை, நடுவில் பொதுச் சமையலறை, சாப்பாட்டுக் கூடம். முன்பு மூன்று லாரி வைத்திருந்த தங்கமுத்து வந்தார். வெற்றிலைக் கொடிக்காலை மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்ட சின்னண்ணனும் அவர் மனைவி வசந்தாமணியும் வந்தார்கள். வசந்தாமணியின் சித்தி மகள் சௌந்திரமும் வந்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் போய் ஆறு வருடம்.

சௌந்திரத்தின் மகன் மயில்சாமி நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தான். அம்மா வெளியே போய் இருப்பது அவனுக்குக் கௌரவக் குறைவு.

"ஆடிப் பதினெட்டு வரைக்கும் இருந்து பாரு. சரிப்படலீன்னா ஜீப்புல ஏத்தீட்டுப் போயிருவேன். அப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது" என்று சொல்லி, அவளை இங்கே விட்டுவிட்டுப் போனான்.

சௌந்திரம் சரி என்றாள். அவன் சொன்னால் செய்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

குமாரசாமி தட்டச்சு செய்து கூடத்தில் ஒட்டியிருந்த பதினான்கு விதிகளில் முதல் விதி இது: 'இங்கு வீட்டுக்காரர் என்று எவரும் இல்லை, விருந்தாளி என்றும் எவரும் இல்லை. அனைவரும் சமம்.' எல்லோரும் படித்துப் பார்த்து, தலையாட்டி, கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் யாரும், "வாங்க, சாப்பிடலாம்" என்று ஒருவர் கூப்பிடாமல் இன்னொரு வீட்டு இலையில் உட்கார மாட்டார்கள். கூப்பிட வேண்டியவர் வீட்டுக்காரர். இங்கே வீட்டுக்காரர் இல்லை என்று கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

தங்கமுத்து கட்டிலில் படுத்தபடி, "மணியடிச்சாச் சோத்துக்கு ஓடறதுக்கு நானென்ன செயில்லயா இருக்கறேன்?" என்றார். சின்னண்ணன், "எனக்குப் பசியில்லீங்க" என்று யாரும் கேட்காமலே ஜன்னல் வழியாகச் சொன்னார். இடம் கொடுத்த குமாரசாமி முதலில் போய் உட்கார்ந்தால் முதலாளித்தனமாகத் தெரியும் என்று செய்தித்தாளை இரண்டாவது முறை படித்தார். அவருக்கும் பசி.

இரண்டாம் நாள் மத்தியானம் தங்கமுத்து, முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஓட்டலில் நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர், "வாங்கண்ணா, வாங்க, உக்காருங்க! எல போடச் சொல்லட்டுங்களா?" என்றார். தங்கமுத்துவுக்குக் கண் கலங்கும்போல் இருந்தது. உட்கார்ந்து பார்த்தால் எதிர் மேஜையில் சின்னண்ணனும் வசந்தாமணியும். மூலையில், முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிடித்தபடி குமாரசாமி.

"ஏனுங்க, முடி வெட்டற கடை இங்கீங்களா?" என்றார் சின்னண்ணன்.

"நீங்க மாத்திரம் பசியில்லாம ரெண்டாவது வாட்டி சாம்பார் ஊத்தறீங்களே."

"அவங்க கூப்புட்டாங்க, உக்காந்தோம்" என்றாள் வசந்தாமணி.

சௌந்திரம் ஓட்டல் பக்கமே போனவள் இல்லை. நான்கு நாள் வாழைப்பழத்திலும் மோரிலும் ஓட்டினாள். ஐந்தாம் நாள் அங்காளம்மாள் சௌந்திரத்தின் ஜன்னலுக்குக் கீழே கிடந்த தோல்களை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து எல்லோரையும் கத்திக் கூப்பிட்டாள்.

"ஆக்கறதெல்லாம் எருமைக்குப் போகுது. அதுக்கு எஞ் சாம்பார் புடிச்சுப் போச்சு, நெம்ப சந்தோசம். இந்தம்மா பழந்தின்னே சாகப் பாக்கறாங்க. அந்தப் பையன் வந்து பாத்தா அன்னைக்கே தூக்கீட்டுப் போயிருவானுங்க. இந்த ஊட்டுக்கு ஊட்டுக்காரங்க யாருன்னு மொதல்ல சொல்லுங்க."

"முதல் விதிப்படி..." என்று ஆரம்பித்தார் குமாரசாமி.

"அதைக் கொண்டுபோயி அடுப்புல வைய்யுங்க" என்றாள் வசந்தாமணி.

சௌந்திரம் அதுவரை கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எம் பையன் ஊட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. மூணு வேளையும் ரூமுக்கே தட்டு வந்துரும். மேல இன்னொரு தட்டுப் போட்டு மூடி, வேலைக்காரம்மா வெச்சுட்டுப் போயிரும். ஆறு வருசத்துல ஒருத்தரும் 'வா, சாப்பிடலாம்'னு சொன்னதில்லீங்க. அதுக்குத்தான் இங்க வந்தேன். இங்க பாத்தா மணியடிக்கறீங்க."

தங்கமுத்து எழுந்து போய்த் தண்டவாளத் துண்டைக் கழற்றி வாய்க்காலில் வீசிவிட்டு வந்தார். குமாரசாமி பேனாவை எடுத்து முதல் விதியை அடித்தார். ஓரத்தில் கையால் எழுதினார்: 'முறை வைத்து, நாளுக்கு ஒருவர் வீட்டுக்காரர்.' ஒரு சிலேட்டும் வாங்கி வைத்தார்கள். அன்றைய வீட்டுக்காரர் பெயர் அதில் இருக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் போய் நின்று அவர்தான் கூப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு சிக்கல் வேறு திசையில் போனது. தங்கமுத்து தன் முறையன்று எல்லோருக்கும் நான்கு முறை சோறு போட வைத்தார். வேண்டாம் என்று கை மறித்த சின்னண்ணனிடம், "என்ன, எங்கூட்டுல சாப்பிட மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டார். மறுநாள் சின்னண்ணன் தன் முறையில் பழி வாங்கினார். அன்று சாயங்காலம் தங்கமுத்து சோடா குடித்துவிட்டுத் தோப்பில் நடந்துகொண்டே இருந்தார். குமாரசாமி கூப்பிடும்போது, "தாங்கள் உணவருந்த எழுந்தருள வேண்டும்" என்றதை மட்டும் நிறுத்தச் சொன்னார்கள்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. காவிரிக்குப் போய்விட்டு வந்த அங்காளம்மாள் வடை பாயசத்தோடு சமையல் செய்துகொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு ஜீப் வந்து நின்றது. பெட்டியும் கட்டிலும் ஏற்றுவதற்குப் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான் மயில்சாமி.

வாசலில் வந்து நின்றான். கூடத்தில் மூன்று ஆண்களும் வசந்தாமணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்தார்கள். ஒருவரும் வா என்று சொல்லவில்லை. கூப்பிடாத இடத்தில் எப்படி நுழைவது? வெயிலில் நின்றான்.

தங்கமுத்து தலையை அசைத்துச் சிலேட்டைக் காட்டினார். 'சௌந்திரம்' என்று இருந்தது. காலையில் அதில் 'குமாரசாமி' என்றுதான் இருந்தது. ஜீப் சத்தம் கேட்டதும் குமாரசாமியே அழித்துவிட்டு அவள் பெயரை எழுதியிருந்தார்.

"நாங்க சொல்ல முடியாதுங்க தம்பி. எங்க மொறை இல்ல" என்றார் சின்னண்ணன், நிஜமாகவே வருத்தத்துடன்.

சமையலறையிலிருந்து சௌந்திரம் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சுற்று பெருத்திருந்தாள். வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"வா சாமி, வா. எப்ப வந்தே? வெயில்ல நிக்கற பாரு. கை கழுவிப்போட்டு வா, சாப்பிடலாம்."

"சாப்பிட வரலீங்கம்மா. கூட்டீட்டுப் போலாம்னு..."

"அதெல்லாம் அப்பறம். எங்கூட்டுக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போவியா?"

மயில்சாமி கை கழுவிவிட்டு வந்தான். உட்கார்ந்தான். சௌந்திரம் மற்ற நால்வரையும் பெயர் சொல்லி, உறவு சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இலையில் உட்கார வைத்தாள். அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் பரிமாறினாள். மகனுக்கு மூன்றாவது முறை சோறு போட்டபோது அவன் கையால் இலையை மறைத்தான். தங்கமுத்து, "அதெல்லாம் நடக்காதுங்க. கையை எடுங்க" என்றார்.

பாயசத்துக்குப் பிறகு மயில்சாமி வெகுநேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு எழுந்தான்.

"போயிட்டு வாரேனுங்கம்மா" என்றான்.

காலியாக இருந்த ஜீப்பின் பின்பக்கத்தில் சின்னண்ணனும் குமாரசாமியும் இரண்டு பூவன் தார்களை ஏற்றினார்கள். சௌந்திரம் ஜீப் வரை வந்தாள்.

"அடுத்த வாட்டி அவளையும் புள்ளைகளையும் கூட்டீட்டு வா சாமி. ரெண்டு நாள் முன்னாடி தகவல் சொல்லிப்போடு. அன்னைக்கு எம் மொறையான்னு பாக்கோணும்."