ஒட்டகத்தின் மீசையும் ஓர் ஊசியும்

1

"வலிக்காதுன்னு சொல்றவங்களை முதல்ல வெளியே அனுப்பணும், அண்ணி."

"வேற என்னதான் சொல்லுவே?"

"ஒட்டகத்துக்கு மீசை உண்டான்னு கேப்பேன்."

"உண்டா?"

"பாத்தீங்களா! இந்நேரம் உங்க கையில குத்தி எடுத்திருப்பேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டே பேசியது இது. இந்தக் கதை பிறந்ததும் அங்கேதான். என் நாத்தனார், குழந்தைகள் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் அறையின் நர்ஸ். நான் குடும்பக் கதை எழுதுகிறவள். என் கையில் அகப்பட்டவர்கள் கல்யாணம் ஆகாமல் தப்பியதில்லை. அவளையும் அந்த எண்ணத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: வெள்ளை உடையில் ஒரு தேவதையைப் போல அவள்

(விட்டுவிட்டேன். அவள் உடை வெளிர்நீலம். பையில் சோப்புக்குமிழிக் குப்பி. ஒரு காலில் பச்சை சாக்ஸ், மறுகாலில் மஞ்சள். "அக்கா, மாத்திப் போட்டுட்டீங்க!" என்று ஒரு குழந்தை கண்டுபிடித்துச் சிரித்தால் அவளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.)

இரண்டாம் தொடக்கம்: களிம்பு தடவி, தோல் மரத்துப்போகும்வரை காத்திருப்பாள். குழந்தையைப் படுக்க வைக்கமாட்டாள். அப்பாவோ அம்மாவோ மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். குமிழி ஊதச் சொல்வாள். ஊதுகிற குழந்தையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை இறுக்க முடியாது. மூன்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு இரண்டில் குத்துகிற வேலை அவளிடம் கிடையாது.*

* "ஒரு தடவை ஏமாத்தினா, அடுத்த தடவை யாரு கையை நீட்டுவா?" என்பாள். நானோ கதைக்குக் கதை வாசகர்களை ஏமாற்றிப் பிழைக்கிறேன்.

3

இனி கதைமாந்தர். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, அதைப் பார்த்துத்தான் அவளுக்கு மருந்து ஏற்றுவார்கள். போன இரண்டு முறையும் ஊசி நுழையும் நேரத்தில் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி குத்த வேண்டியதாயிற்று. இன்று இரத்தம் கிடைக்காவிட்டால் மருந்து தள்ளிப்போகும். தள்ளக் கூடாது.

மடியில் வைத்திருப்பவர் அவள் அப்பா, பஸ் ஓட்டுநர். மனைவியை இழந்தவர் என்று எழுதினேன். (காரணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

படித்த நாத்தனார் நிமிர்ந்தாள். "அண்ணி, அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க. கீழே மருந்துச்சீட்டு வாங்க வரிசையில நின்னாங்க. எதுக்குக் கொன்னீங்க?"

உயிர்ப்பித்துவிட்டேன். கல்யாணமும் போயிற்று.

4

அன்று நடந்தது. குமிழிகள் பறந்தன. "சரி, ஒட்டகத்துக்கு மீசை உண்டா?"

"உண்டு. போன தடவையே சொன்னேனே," என்றாள் சிறுமி, மரியாதையாக.

நாத்தனார் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நான் அவளைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வெளியே பதினோரு பேர் காத்திருக்கிறார்கள். தொடங்கிய வாக்கியம் தப்பென்று தெரிந்தாலும் முற்றுப்புள்ளிவரை இழுத்துப்போகிறவள் நான். அவள் நிறுத்தினாள், நிறுத்தியதால் பார்த்தாள். குழந்தையின் கண் குமிழியில் இல்லை, அப்பாவின் முகத்தில் இருந்தது. பெரிய வண்டியைத் திருப்புகிற அந்த மனிதர் கண்ணை இறுக மூடியிருந்தார். போன இரண்டு முறையும் ஊசி கிட்டே வந்தபோது முதலில் துள்ளியது அவருடைய முழங்கால்தான் என்று இப்போதுதான் பிடிபட்டது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையும் சேர்ந்து துள்ளியது.

இரண்டு மாதமாகக் குழந்தையின் முகத்தை மட்டுமே பார்த்தவள், அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்த மடியைப் பார்க்கத் தவறியிருந்தாள்.

முட்டிபோட்டு உட்கார்ந்தாள். "கண்ணு, நான் தப்பா விளையாடறேனா?"

சிறுமி அப்பாவைப் பார்த்தாள்.

5

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் சிறுமி அழுகிறாள், அம்மா ஓடிவருகிறாள். ஒன்றில் அப்பா தைரியசாலி ஆகிவிடுகிறார் (நம்பமாட்டீர்கள், நானே நம்பவில்லை). மூன்றாவதில் எல்லாரும் சிரிக்கிறார்கள், இரத்தம் தானாக வந்துவிடுகிறது. மூன்றையும் காட்டியபோது நாத்தனார் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"நீங்க எதுவும் எழுத வேணாம் அண்ணி. அவ சொன்னதை மட்டும் போடுங்க."

இரத்தம் கிடைத்ததா என்பதை உங்களிடமே விடுகிறேன். நீங்கள் எது நினைத்தாலும் சரியாகத்தான் நினைப்பீர்கள்.

சிறுமி நாத்தனாரின் கையிலிருந்த குமிழிக் குப்பியை வாங்கினாள். திரும்பி, அப்பாவின் கையைப் பிரித்து, அதில் வைத்தாள்.

"நீ ஊதுப்பா. அக்கா ஒட்டகத்தைப் பத்தி உன்கிட்ட கேப்பாங்க. எனக்கு ஊசி உள்ளே போறதைப் பாக்கணும்."