ஒற்றைச் செங்கல் சுவர்

இங்கிலாந்தின் ஓல்டமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நார்மன் ஹாவர்த், மனைவி டோரீனைக் கல்யாணமான நாளிலிருந்து குளிரிலேயே வைத்திருந்தார். வறுமை ஒன்றும் இல்லை. பஞ்சாலையில் மேற்பார்வையாளர் வேலை, சொந்த வீடு, வாசலில் கார். ஆனால் ஹீட்டர் சுவிட்சுக்கு மேல் ஒரு தகரப் பெட்டியைப் பொருத்திப் பூட்டி, சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வேலைக்குப் போனால் சாவியும் போய்விடும். மகள் அலிசன் பிறந்த குளிர்காலத்தில், டோரீன் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறாள். மீட்டரைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிட்டார். மறுநாளிலிருந்து அடுப்பின் திருகுக் குமிழ்களையும் கழற்றிக்கொண்டு போனார். குளிருது என்று அவள் சொன்னால் ஒரே பதில்தான். "ஸ்வெட்டர் போட்டுக்கோ."

இதையெல்லாம் டோரீனே என்னிடம் சொன்னாள், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டே. அதற்கப்புறம் நடந்ததையும் அவளேதான் சொன்னாள். கூச்சமே இல்லாமல் சொன்னாள்.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் நார்மனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும். மாடியேற முடியாது. பிரிஸ்டலிலிருந்து வந்த அலிசன், வீட்டோடு ஒட்டியிருக்கும் கார் கொட்டகையை அப்பாவுக்கு அறையாக மாற்றிவிடலாம், கூடவே ஒரு குளியலறையும் கட்டிக்கொள்ளலாம் என்றாள். டோரீன் உடனே சரி என்றாள்.

வேலைக்கு வந்தவன் டேரன். கொட்டகைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இது ஒத்தச் செங்கல் சுவரும்மா. காருக்குப் போதும், மனுசனுக்குப் போதாது. உள்பக்கமா கட்டையடிச்சு நுரைப்பலகை வெச்சுதான் மூடணும். இல்லேன்னா வெளிக்குளிர் அப்படியே உள்ள வரும். பூஞ்சையும் பிடிக்கும்."

"அதெல்லாம் வேணாம் தம்பி. செங்கல் மேலயே பூசிவிட்ரு. பலகை வெச்சா சுத்திலும் ஒரு சாண் இடம் போயிடும். சக்கர நாற்காலி திரும்ப வேணாமா?"

நார்மன் அந்த நாற்காலியில்தான் கதவோரம் உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தூக்கி ஆட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. டோரீன் குனிந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பாரு, அவருக்கும் சம்மதம்தான்" என்றாள்.

டேரன் ஒத்துக்கொள்ளவில்லை. நகரக் கவுன்சிலிலிருந்து வந்து பார்ப்பார்கள், பலகை இல்லாத அறைக்கு அனுமதி தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டான். அவள் வேறொருவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவனும் அதையே சொன்னான். வேறு வழியில்லாமல் சம்மதித்தாள்.

டேரன் நல்ல வேலைக்காரன். செங்கல் இடுக்குகளை அடைத்தான், கட்டைகளுக்கு இடையே நுரைப்பலகையைக் காற்றுப் புகாமல் இறுக்கினான், மூட்டுகளில் பட்டை ஒட்டினான், ஈரம் புகாத தாளை இழுத்துக் கட்டி, மேலே ஜிப்சம் பலகை அறைந்து பூசினான். தரைக்கும் கூரைக்கும்கூட அப்படியே செய்தான். பார்க்க வந்த அதிகாரி ஒரு குறையும் சொல்லவில்லை.

பனி விழத் தொடங்கியது. இப்போது சாவி டோரீனிடம். அவள் வீட்டு ஹீட்டரை முழுசாகத் திருப்பிவைத்தாள். ஆனாலும் பழைய வீடு, அதுவும் ஒற்றைச் சுவர். சூடெல்லாம் தெருவுக்குத்தான் போனது. காலையில் கஞ்சியோடு கொட்டகை அறைக் கதவைத் திறந்தபோது இளஞ்சூடு அவள் முகத்தில் பட்டது. அங்கே சுவரில் சூடு தரும் சின்ன ரேடியேட்டர் ஒன்றுதான், அதையும் முந்தின நாளே மூடிவைத்திருந்தாள். நார்மன் போர்வையை உதைத்துவிட்டுக் கன்னம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என் வாழ்நாள்ல நான் ஒரு நாள்கூட அப்படித் தூங்கினதில்ல" என்று என்னிடம் சொன்னாள். "அந்த ஆளு தூங்குறாரு."

அந்த வாரமே அறையை மாற்றினாள். அவரைக் குளிப்பாட்ட வரும் பெண்ணிடம், அவருக்குத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும் என்று சொல்லி, வடக்குப் பார்த்த முன்னறையில் கட்டிலைப் போடவைத்தாள். அங்கிருந்த ரேடியேட்டரை மூடினாள். தன் படுக்கையைக் கொட்டகை அறைக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் முன்னறைக்குப் போய், அவர் மடியில் ஒரு ஸ்வெட்டரை வைத்துவிட்டு, "போட்டுக்கோங்க" என்பாள். ஒற்றைக் கையால் அவர் அதோடு போராடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பிறகு போய்ப் படுத்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே வந்துவிட்டாள் அலிசன். அப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பில் கரகரவென்று சத்தம். அம்மா மெல்லிய சட்டையோடு கொட்டகை அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கை பனிக்கட்டியா இருக்கும்மா."

"அந்த ரூம் அப்படித்தான்."

"ரேடியேட்டர் மூடியிருக்கு."

"நான்தான் மூடினேன்."

அலிசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் குளிரில் விரல் வீங்கி, பேனா பிடிக்க முடியாமல் பள்ளியில் அழுதவள் அவள். "அவரால வாயத் திறந்து கேக்கக்கூட முடியாதும்மா" என்றாள்.

"நான் வாயத் திறந்து கேட்டேன். வருசக்கணக்கா கேட்டேன். என்ன கிடைச்சுது?"

அலிசன் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நிமோனியா என்றார்கள். நார்மன் பிழைத்துக்கொண்டார். அலிசன் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அம்மாவிடம் விடைபெறாமலே ஊருக்குப் போனாள். அப்புறம் அவள் போன் செய்வதும் நின்றுவிட்டது.

அந்த இல்லத்தில் வருடம் முழுக்க ஹீட்டர் எரியும். வேலை செய்யும் பெண்கள் அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு திரிவார்கள். டோரீன் செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போகிறாள். போனதும் நார்மனின் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளுவாள். ஜன்னலைத் திறப்பாள். மூடுவதற்கு அவர் இடது கை ஜன்னல் கொக்கியை நோக்கி நீளும். அதைப் பிடித்துப் போர்வைக்குள் செருகி, ஓரத்தை இறுக்கிவிடுவாள்.

"நல்லவேளை திறந்தீங்க, உள்ள ஒரே புழுக்கம்" என்றாளாம் அங்கே வேலை செய்யும் ஒரு பெண். "உங்கள மாதிரி தவறாம வந்து பாக்குறவங்க இங்க யாருமில்ல."

டோரீன் அவளுக்கு நன்றி சொன்னாள். கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு, பார்வையாளர் நேரம் முடியும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.